பதினாலு புள்ளி எட்டு ஏழு

உண்மையைச் சொல்லி வேலையை இழந்தவர்கள் எங்கள் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கலாம். இரண்டு தசம இடம் வரைக்கும் உண்மையைச் சொல்லி இழந்தவர் கூட்டுவட்டி ஒருவர்தான்.

கூட்டுவட்டி என்பது ஆபீஸில் நாங்கள் வைத்த பட்டப்பெயர்; அவருடைய சொந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. 2008-ல் நாகர்கோவிலில், தோட்டம் போடுகிறோம் என்று ஊராரிடம் முதலீடு திரட்டிய ஒரு கம்பெனியில் எனக்கு அடுத்த மேஜை அவருடையது. எக்செல்லில் முதல் வருடத்து எண்ணையும் கடைசி வருடத்து எண்ணையும் போட்டு, கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று பார்ப்பது அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, வியாதி எல்லாம்.

இரண்டரை ரூபாய் சாயா நாலு வருடத்தில் நாலு ரூபாயானது. ஆண்டு வளர்ச்சி பன்னிரண்டரை சதவீதம் என்று பிரிண்ட் எடுத்துக் கடைக்காரரிடமே கொடுத்தார். கிளாஸ் சுருங்கியதற்குத் தனித் தாள். மறுநாள் முதல் அவருக்கு மட்டும் சாயா ஆறித்தான் வந்தது.

அடுத்தது அவர் போகிற சர்ச்சின் பங்குச் சாமியார். பன்னிரண்டு நிமிடப் பிரசங்கம் நாலு வருடத்தில் முப்பது நிமிடமாகியிருந்தது. இதே வேகத்தில் இன்னும் நாலு வருடம் போனால் பிரசங்கம் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் என்று கோயில் வாசலில் வைத்தே அவரிடம் தாளை நீட்டினார். அதற்கடுத்த ஞாயிறு பிரசங்கம் கணக்குப் பார்க்கிறவர்களைப் பற்றியது. நாற்பது நிமிடம்.

இதுவரைக்கும் சிரிக்கலாம்.

எங்கள் கம்பெனி நோட்டீஸில், போட்ட பணம் ஐந்து வருடத்தில் இரட்டிப்பு, அதாவது ஆண்டுக்கு இருபது சதவீத வளர்ச்சி என்று அச்சடித்திருந்தார்கள். நூறை ஐந்தால் வகுத்த கணக்கு. ஒருநாள் மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வளைகுடாவில் இறந்துபோன கணவனுக்காகக் கிடைத்த பணம் ஒரு லட்சம் மடியில் இருந்தது. இருபது சதவீதம் உறுதிதானா என்று அவள் கேட்டது, என் கெட்ட காலம், கூட்டுவட்டியிடம்.

அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"இருபது இல்லம்மா. பதினாலு புள்ளி எட்டு ஏழு. இருபதுன்னா ரெண்டு லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்துக்கு மேல வரணும். இவங்க ரெண்டுதான் தாறதாட்டு சொல்லுதாங்க. பாத்துச் செய்யுங்க."

அவள் எழுந்து போய்விட்டாள். மேனேஜர் வந்தார். கூட்டுவட்டி கணக்கை மறுபடி போட்டுக் காட்டினார். மேனேஜர் பி.காம் படித்த என்னைப் பார்த்து, இந்தக் கணக்கு சரியா என்று கேட்டார்.

சரி என்று எனக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாதம் ஆறாயிரம் சம்பளம். "எனக்கு அப்பிடித் தோணல்ல சார். இருபதுன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க" என்றேன்.

அந்த ஆபீஸில் கணக்குத் தெரிந்த ஒரே மனிதரை, கணக்குத் தெரியாது என்று சொல்லி அன்றைக்கே அனுப்பினார்கள். போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய நாற்காலி என்னுடையதைவிட நல்லது என்பதால் அடுத்த நாள் அதில் நான் உட்கார்ந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வருடத்தில் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியவர்களில் அந்த மண்டைக்காட்டுப் பெண் இல்லை.

2013-ல் ஒரு கல்யாணத்துக்காகக் குலசேகரம் போனபோது, ஒரு ரப்பர் ஷீட் கடையில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றேன். தெரியும் என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். இப்போது என்ன சம்பளம் என்று கேட்டார். புது இடத்தில் ஏழாயிரம் என்றேன். கம்ப்யூட்டரில் தட்டினார்.

"ஆறிலிருந்து ஏழு, அஞ்சு வருசம். மூணு புள்ளி ஒண்ணு மூணு." பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், "மக்கா, வீட்டுல எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுதியளா?" என்றார்.

என் சம்பளத்தை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கடுத்த கேள்வியைக் கேட்டவர் அவர் மட்டும்தான்.