மீட்டர் இல்லாத ஒரு போன்கால்

மற்ற குடும்பங்களை எல்லாம் பாசம் சேர்த்து வைத்திருக்கிறது என்று சொல்கிறார்கள். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். எங்கள் குடும்பத்தைச் சேர்த்து வைத்திருந்தது ஒரு எஸ்.டி.டி. பூத் மீட்டர். நடுவில் புகுந்து அதைக் கெடுத்த புண்ணியவான் நான்தான்.

தொண்ணூறுகளில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்பா பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கூண்டு, உள்ளே போன், தலைக்கு மேலே சிவப்பு எண்களில் ரூபாய் ஓடும் மீட்டர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்ததும் அம்மா கூண்டுக்குள் போய், சிங்கப்பூரில் வேலை பார்த்த செல்வம் அண்ணனைக் கூப்பிடுவாள். "நல்லாருக்கியாய்யா? சாப்பிட்டியா? உடம்பப் பாத்துக்க. மீட்டர் ஓடுது, வச்சுரவா?" அவ்வளவுதான், மூன்று நிமிஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவாள். (சொந்த பூத் என்றாலும் பில் நாங்கள்தானே கட்டணும்.) சண்டை போட நேரம் ஏது? நாலு வருஷமாகப் பாசம் பொங்கி வழிந்தது.

அந்த நேரம் பார்த்து என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். தொலைத்தொடர்பு எங்கே போகிறது என்று பெரிய ஓட்டலில் ஒரு கருத்தரங்கு. பூத்காரர்கள் சங்கத்துக்கு ஒரு பாஸ் வந்திருந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் போக ஒருத்தரும் தயாரில்லை. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, பூத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஜாதகம் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் படம் காட்டினார். இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு மேகம். நம் குரல் இங்கே மேகத்துக்குள் நுழைந்து அங்கே வெளியே வருமாம். "இனிமே வெளிநாட்டுக்குப் பேசக் காசே கிடையாது, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, "மேகத்துக்குள்ள என்ன சார் நடக்கும்?" என்று கேட்டேன். "அதப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டியதில்ல" என்றார். மத்தியானச் சாப்பாட்டில் மூன்று வகை ஐஸ்கிரீம் இருந்ததால் நானும் கவலைப்படவில்லை. (நம் நாட்டில் அப்படிப் பேச இன்னும் அனுமதி இல்லை என்று அவர் கடைசியில் சொன்னாராம். நான் அப்போது இரண்டாவது வகையில் இருந்தேன்.)

ஊருக்குத் திரும்பியவன் தரையில் நடக்கவில்லை. "அப்பா, பூத்தெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்" என்றேன். "மொதல்ல அந்தக் கண்ணாடியத் தொடைடா" என்றார்.

அப்போது வீட்டில் ஒரு காரியத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. மீனா அக்காவின் மகள் அகிலாவுக்குக் காது குத்தணும். மூத்த தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது வழக்கம். அக்காவின் மாமியார் வீட்டில் அதில் ரொம்பக் கண்டிப்பு. தை மாசம் பிள்ளையார்பட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அண்ணன் என்றைக்கு வருவார் என்று தெரிந்தால் போதும்.

"மூணு நிமிசத்துல கேட்டுட்டு வச்சுருவோம்" என்றார் அப்பா.

"என்னப்பா நீங்க, இன்னும் நிமிசக் கணக்குப் பாக்குறீக! எல்லாரும் உக்காந்து ஆற அமரப் பேசுவோம்" என்றேன். அந்த 'ஆற அமர'வை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குடும்பமே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது. அங்கே சிங்கப்பூரில் அண்ணனும் அண்ணியும் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால். அக்கா மாமியாரும் திருப்பத்தூரிலிருந்து வந்துவிட்டார். மோடம் கீச்சிட்டதும், "யாரு இந்தக் கத்து கத்துறா?" என்று அம்மா பதறினாள். நான் கருத்தரங்குப் பேச்சாளர் மாதிரி தொண்டையைச் செருமி ஒரே ஒரு விதி சொன்னேன்: ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம், அண்ணன் பேசும்போது நாம் பேசினால் அவருக்குக் கேட்காது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் சும்மா இருந்த சரித்திரமே எங்கள் வீட்டில் கிடையாது. அது ஏன் எனக்கு அப்போது உறைக்கவில்லையோ!

"ஏய்யா, சாப்பிட்டியா?" என்றாள் அம்மா. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. குரல் மேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஏம்ப்பா, அம்மா மேல கோவமா?"

"ஆமாம்மா" என்று வந்தது அண்ணன் குரல்.

அது முதல் கேள்விக்கான பதில் என்று புரியவைத்து, எல்லோரும் சிரித்து முடித்தோம். அன்றைக்குச் சிரித்தது அதோடு சரி.

வழக்கமான விசாரிப்பெல்லாம் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துபோனது. நாலு வருஷப் பழக்கம் அல்லவா? அண்ணன், "தை மாசம் கண்டிப்பா வாரேன்" என்றுகூடச் சொல்லிவிட்டார். அங்கேயே வைத்திருக்கலாம். ஆனால் மீட்டர் இல்லையே, எதைச் சொல்லி வைப்பது? பேச்சை முடிக்க ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"நான் குடுத்துவிட்ட சீப்புச் சீடை வந்துச்சாய்யா?" என்றாள் அம்மா.

மற்ற ஞாயிறாக இருந்தால் 'வந்துச்சும்மா' என்பதோடு போயிருக்கும். இப்போது அண்ணனுக்கு நேரம் இருந்தது. "வந்துச்சு. பாதி தூளாப் போச்சு. இவ ஆபீஸ்ல குடுத்துட்டா."

"நாலு டின்னையுமா?"

அண்ணி மைக்கை வாங்கினார். "ரெண்டு பேரு எம்புட்டுத்தான் அத்தை திங்கிறது?"

"எங்க பக்கம் பெரியவுக குடுத்தத வெளியில குடுக்க மாட்டோம்" என்று அக்கா மாமியார் பொதுவாகச் சொன்னார். (பொதுவாகத்தான். மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து.)

அப்புறம் என்ன, சீடையிலிருந்து அண்ணியின் சமையலுக்குப் போய், அங்கிருந்து அவர்கள் கல்யாணத்தில் யாருக்கு யார் சரியாகக் கும்பிடு போடவில்லை என்பதற்குப் போனது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தியதில் பாதி வார்த்தைகள் நடுவழியில் நின்றன. வந்து சேர்ந்த பாதியே போதுமானதாக இருந்தது. நான் "ஒரு பக்கம், ஒரு பக்கம்" என்று டிராபிக் போலீஸ் மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மைக்கைப் பார்த்து அண்ணனிடம், "பெத்தவுக மனசு உனக்கு எங்கடா புரியும்?" என்றார்.

பிறகு அண்ணன் குரல் மாறி வந்தது.

"நான் மொத மொதல்ல பிளேன் ஏறுன அன்னைக்கு நீங்க திருச்சிக்கு வரலப்பா. பூத்துக்கு லைன் குடுக்க ஆள் வர்றாகன்னு இங்கயே இருந்துட்டீக. கூட வந்த பயலுக எல்லாத்துக்கும் அப்பா வந்து நின்னாக. நாலு வருசமா கேக்கணும்னு இருந்தேன். எங்க கேக்குறது, மீட்டர்தான் ஓடிக்கிட்டே இருந்துச்சே!"

அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "தப்புத்தான்யா. நான் வந்திருக்கணும். அந்த லைன் மறுநா வந்தா என்ன கெட்டுப்போச்சு? வந்திருக்கணும்" என்றார்.

ஆனால் ஸ்பீக்கரில் அண்ணன் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்தார். அப்பா சொன்னதில் ஒரு வார்த்தை அங்கே போகவில்லை. நான் சொன்ன விதி அன்றைக்கு அந்த ஒரு இடத்தில்தான் ஒழுங்காக வேலை செய்தது.

அண்ணன் பேசி முடித்துக் காத்திருந்தார். அப்பா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். "பதில் இல்லேல்ல? எனக்குத் தெரியும். காதுகுத்த நீங்களே வச்சுக்கங்க" என்றார் அண்ணன். லைன் போய்விட்டது.

நான் கூண்டுக்குள் ஓடி சாதா போனில் போட்டேன். அண்ணி எடுத்தார். "அவுக பேச மாட்டேங்கிறாக" என்று வைத்துவிட்டார். அப்பாவைக் கெஞ்சினேன். "ஒரு தடவ சொல்லியாச்சு. சம்பந்தி முன்னாடி இன்னொரு தடவ வேற சொல்லணுமா?" என்று எழுந்து, துணியை எடுத்துக் கூண்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

தை மாசம் அகிலா என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டாள். வலியில் என் கையைக் கடித்துவிட்டாள். அந்த போட்டோவில் அழுகிற ஆள் யார் என்று இன்றைக்கும் வீட்டில் விருந்தாளிகளிடம் கேட்டுச் சிரிப்பார்கள். கடித்ததற்காகத்தான் அழுதேன் என்று நான் அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் அண்ணன் ஊருக்கு வந்தது அப்பா இறந்தபோதுதான். மயானத்திலிருந்து திரும்பும்போது, அதுவரை அந்தப் பேச்சையே எடுக்க விடாதவரிடம், அன்றைக்கு அப்பா சொன்னதைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தார். "பூத்து வச்சிருந்த மனுசன்டா. ஒரு போனப் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அந்தக் கோட்டுக்காரர் சொன்னது அத்தனையும் பலித்துவிட்டது. பூத் போய் அந்த இடத்தில் ஜூஸ் கடை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது பழைய கதையைக் கிளற ஆரம்பித்தால், "என்ன, நெட்டுல பேசுவமா?" என்று கேட்போம். உடனே வாயை மூடிவிடுவார்கள். அகிலா இப்போது கனடாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவாள். அம்மா, "நல்லாருக்கியாடி? சாப்பிட்டியா?" என்று கேட்பாள். மூன்று நிமிஷம் ஆனதும், "மீட்டர் ஓடுது, வச்சுரவா?" என்பாள்.

"அம்மாச்சி, மீட்டரெல்லாம் எங்க இருக்கு? இது ஃப்ரீ, எம்புட்டு நேரம்னாலும் பேசலாம்" என்று அகிலா சிரிப்பாள்.

"அதான்டி பயமா இருக்கு" என்று வைத்துவிடுவாள் அம்மா.