உலகத்து ஆம்ப்களை எல்லாம் வேண்டாமென்றவர்

கொடைக்கானலில் உட்கார்ந்தபடியே உலகத்தில் தயாராகும் கிடார் ஆம்ப்ளிஃபயர் அத்தனையையும் லாயக்கில்லை என்று தள்ளிய மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் டெமோ அண்ணன். இங்கிலீஷ்காரன், ஜப்பான்காரன், சீனாக்காரன் என்று அவர் பேதம் பார்த்ததில்லை. எல்லாருடைய சரக்கையும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கித்தான் திருப்பி அனுப்பினார். அதில் ஒன்றே ஒன்றைத் தவிர எதையும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை, எல்லாம் கைப்பேசியில் டெமோ வீடியோ பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்பது வேறு விஷயம்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது பாதிரியாருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் மட்டும்தான் தெரியும். நாயுடுபுரத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அவர் வீட்டு வாசலில் நிற்கிறவர்கூட அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்.

ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நான் பகலில் ரிசப்ஷன், சாயங்காலம் கீபோர்டு. அண்ணன் கிடார். ஆக மொத்தம் இரண்டு பேர். இதற்கு வாசலில் 'லைவ் பேண்ட்' என்று போர்டு வேறு வைத்திருந்தார்கள். சப்பாத்தி குருமா சாப்பிடும் குடும்பங்களுக்கும், சாப்பிடவே மறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் புது ஜோடிகளுக்கும் நடுவில் பழைய சினிமாப் பாட்டு வாசிப்போம். யாராவது கேட்டார்களா என்று தெரியாது. கேக் வெட்டும்போது மட்டும் எங்களுக்குத் திடீர் மவுசு வரும். பிறந்தநாள் பாட்டு வாசிக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த அந்த நாலு வரியை அண்ணன் இழுத்துக் குழைத்து வாசித்தால் கேக் வெட்டுகிறவருக்குக் கண் கலங்கும். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுத ஒரு ராணுவ அதிகாரியை நானே பார்த்திருக்கிறேன்.

கிடார் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரிக் கிடாரை வெறுமே மீட்டினால் ஜன்னல் கொசுவலையை நகத்தால் சுரண்டுவது போலத்தான் கேட்கும். அதைப் பாட்டாக்கி வெளியே அனுப்புவது ஆம்ப் என்கிற பெட்டி. அண்ணனிடம் இருந்த பெட்டி, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார வாத்தியார் ஊர் திரும்பும்போது அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. சளி பிடித்த கிழவர் மாதிரி எப்போதும் கரகரவென்று இருக்கும். ஐப்பசி மழையில் ஒரு நாள், ஒரு பாப்பா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த அதே நேரம், பெட்டியின் பின்பக்கமிருந்து புகை கிளம்பியது. ஹோட்டல் செய்த ஏற்பாடு என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியபோது ஆம்ப்பும் அடங்கிவிட்டது.

மேனேஜர் நல்ல மனிதர். எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, புது ஆம்ப் ஹோட்டலே வாங்கித் தரும், எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஆனால் கோடை சீசன் தொடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் லேப்டாப்பில் பாட்டுப் போடுகிற ஒருவர் தயாராக இருக்கிறார், அவரை வைத்துக்கொள்ளும்படி முதலாளி சொல்லிவிட்டார் என்றார். எனக்கு ரிசப்ஷன் வேலை இருந்தது. அண்ணனுக்கு அந்த மேடையை விட்டால் வேறு சோலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பதும் உண்டு, ஆனால் அது கர்த்தர் கணக்கு, அதில் வாடகை கொடுக்க முடியாது.

வேறு யாராக இருந்தாலும் ஒரே வாரத்தில் ஒரு பெட்டியைக் கை காட்டியிருப்பார்கள். அண்ணன் டெமோ வீடியோ பார்க்க ஆரம்பித்தார். என் கேடுகாலமும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

முதலில் இடம். ஊருக்குள் வைத்துக் கேட்டால் நெட் திணறுகிறது, அதில் சத்தமும் திணறுகிறது என்று சொல்லிவிட்டார். வட்டக்கானல் போகும் வழியில் ஒரு வளைவில்தான் சிக்னல் சுத்தமாக வருமாம். என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு அங்கே போக வேண்டும். போனால் மேகம் இறங்கியிருக்கும். மேகத்தில் ஆம்ப் கேட்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

"மேகத்துக்குள்ள கேட்டா ட்ரெபிள் பூராம் ஊறிப்போயிரும்லே. வெயில் வரட்டும்," என்பார். ட்ரெபிள் என்றால் சத்தத்தில் மேலே கணீரென்று நிற்கும் பகுதி.

இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு மேகம் என்ன செய்யும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார். மார்கழி மாதத்துக் கொடைக்கானலில் வெயிலுக்காகக் காத்திருப்பது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு டீ, ஒரு பிரெட் ஆம்லெட், மறுபடி டீ. கடைசியில் மேகம் விலகி, அவர் கைப்பேசியை எடுத்து, இயர்போனைச் செருகி, கண்ணை மூடி, பாட்டு முடிவதற்குள் உதட்டைப் பிதுக்குவார். பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து சேருவோம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. இந்த வீடியோவில் மைக்கை ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டான். அந்த வீடியோவில் கம்பளம் விரித்திருக்கிறான், கம்பளம் சத்தத்தைத் தின்றுவிடும். இன்னொருவன் பேசுகிறான், பேசுகிறான், வாசிக்கவே இல்லை. வாசிக்கிறவர்கள் எல்லாரும் காலில் நெருப்புப் பட்ட மாதிரி மேலும் கீழும் ஓடுகிறார்களே தவிர, ஒருத்தனாவது பிறந்தநாள் பாட்டு வாசித்துக் காட்டுகிறானா? "கேக் வெட்டுறப்ப இந்தப் பொட்டி எப்படிக் கேக்கும்னு நான் எங்க போய்த் தெரிஞ்சுக்கிறது?" என்று என்னைக் கேட்டார், நான்தான் அந்தக் கம்பெனி முதலாளி என்பது போல.

இதோடு நிற்கவில்லை. வீடியோக்களுக்குக் கீழே கமென்ட் எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தில் நான்தான் எழுதித் தர வேண்டும். முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசியுங்கள் என்றார், சரி. பிறகு கம்பளத்தை எடுத்துவிட்டு வாசியுங்கள் என்றார், அதுவும் சரி. அப்புறம் ஒரு நாள், கொஞ்சம் தப்புத்தப்பாக வாசித்துக் காட்டுங்கள் என்று எழுதச் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுதிப் போட்டேன். எந்த ஊர்க்காரரோ, இந்தியாவின் அன்புக்கு நன்றி என்று கும்பிடும் கையும் இதயமும் போட்டுப் பதில் அனுப்பினார். அண்ணன் அந்த இதயத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் எதுக்குக் கும்பிடுகிறான் என்று இரண்டு நாள் பொருமினார்.

இந்தக் கதை ஹோட்டல் முழுக்கப் பரவி, அவருக்கு டெமோ என்று பெயரும் நிலைத்துவிட்டது. தினமும் காலையில் மேனேஜர் ரிசப்ஷனைத் தாண்டும்போது, என்னப்பா முடிவாச்சா என்று என்னைத்தான் கேட்பார். நான் தலையைச் சொறிவேன். தை போய், மாசி போய், பங்குனியும் பாதி போனது. ஏரிக்கரையில் சீசனுக்கான ஸ்வெட்டர் கடைகளும் முளைக்க ஆரம்பித்துவிட்டன. இந்த மனிதரைக் கட்டி இழுத்துக் கரை சேர்க்க முடியாது என்று நான் மனதுக்குள் கை கழுவிவிட்ட நேரத்தில் பாய் உள்ளே வந்தார்.

பாய் என்றால் பஜாரில் மொபைல் கடை வைத்திருந்தவர். அண்ணன் வாங்கிப் போய்த் திருப்பித் தந்த இயர்போன்களை வைத்தே இன்னொரு கடை போடலாம் என்கிற நிலையில் இருந்தார். அவருடைய மச்சானுக்குத் திண்டுக்கல்லில் இசைக்கருவிக் கடை. "மாஸ்டருக்காக ஒரு பொட்டிய ட்ரையலுக்கு வரச் சொல்லிர்றேன் தம்பி. புடிச்சா வைங்க, புடிக்கலேன்னா வந்த வண்டிலயே ஏத்தி விட்ருங்க," என்றார். பூண்டு இறக்கிவிட்டுக் காலியாக மலையேறும் லாரியில் புத்தம்புது ஆம்ப் வந்து சேர்ந்தது. டைனிங் ஹாலில் பெட்டியைப் பிரித்ததும் ரசம் வைக்கலாம் போல ஒரு வாசனை.

மத்தியான நேரம், ஹாலில் யாரும் இல்லை. அண்ணன் கிடாரை மாட்டிக்கொண்டு கம்பிகளைச் சேர்த்து ஒரு மீட்டு மீட்டினார். தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நேர்ல கேக்குறத நம்பக் கூடாதுலே. ரூமு பொய் சொல்லும். வீடியோ எடு," என்றார்.

ஆம்ப் எதிரே இருக்கிறது, காது இரண்டும் தலையில் இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வீடியோவில் பார்க்காமல் அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. மூஞ்சி தெரியக் கூடாது, ஆம்ப்பும் கையும் மட்டும் தெரிய வேண்டும், மின்விசிறி ஓடக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல எடுத்தேன். பிறந்தநாள் பாட்டு முழுதாக வாசித்தார். அதற்கப்புறம் வழக்கம்போல என் பைக், வட்டக்கானல் வளைவு, மேகம், டீ.

அன்றைக்கு வெரசாவே வெயில் வந்தது. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கவில்லை.

"ஆம்ப் நல்லாருக்கு," என்றார்.

அத்தனை மாதத்தில் அவர் வாயில் வராத வார்த்தை. டீக் கிளாசோடு அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

"வாசிக்கிறவன்தான் சரியில்ல."

நான் சிரித்துவிட்டேன். அண்ணே, அது நீங்கள்தான் என்றேன்.

"தெரியும்லே," என்றார். கைப்பேசியை என் பக்கம் திருப்பி, மூன்றாவது வரியை மட்டும் ஓடவிட்டார். கம்பியை அழுத்தியிருந்த மோதிர விரலும் சுண்டு விரலும் நடுங்கிக்கொண்டிருந்தன. இழுத்துக் குழைக்க வேண்டிய இடத்தில் அந்தச் சுரம் தள்ளாடியது. புது ஆம்ப் அதையும் தண்ணீர் மாதிரி தெளிவாகக் காட்டியது.

"பழைய பொட்டி கரகரங்கும்ல, அதுல இது வெளிய தெரியாம கெடந்துச்சு. அந்த மாதிரி மறைக்கிற ஆம்ப் ஒண்ணு எங்கயாச்சும் இருக்காதான்னுதான் பாத்தேன். வீடியோல வாசிக்கிறவன் பூராம் நல்லா வாசிக்கிறான். ஒருத்தன் கையும் நடுங்க மாட்டேங்குது. எனக்கு எப்படித் தெரியும், சொல்லு?"

தப்பாக வாசித்துக் காட்டுங்கள் என்று கமென்ட் எழுதச் சொன்னது நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டியாயிற்று, மதுரை வரைக்கும் போயாயிற்று, மாத்திரையில் கொஞ்சம் மட்டுப்படும், திரும்பிச் சரியாகாது என்று சொல்லிவிட்டார்களாம். அதை அவர் சொன்ன விதம், அடுத்த பஸ் இல்லை என்று சொல்வது போலச் சாதாரணமாக இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது. மறுபடி மேகம் இறங்கி எதிரே இருந்த மலையை மூடியது. டீக்கடைக்காரர் கிளாசை வாங்கிக்கொண்டு போனார்.

கிளம்பும்போது பைக்கில் ஏறாமல் நின்றார். "மேனேஜர்ட்ட ஆம்ப் அமையலன்னு சொல்லிரு. கையப் பத்திப் பேசாத, என்ன," என்றார்.

அப்படியே சொன்னேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சீசனுக்கு லேப்டாப் வந்தது. 'லைவ் பேண்ட்' போர்டை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள், அது சீசன் முழுக்க அங்கேயே நின்றது. பாயிடம் அண்ணனே நேரில் போய், ட்ரெபிள் பத்தவில்லை என்று முகத்தைச் சுளித்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பாய் தலையில் அடித்துக்கொண்டு கீழே போகிற லாரியில் ஏற்றிவிட்டார். சர்ச்சில் இப்போது வேறொருவர் வாசிக்கிறார், அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்ப் பார்த்துப் பார்த்தே பிழைப்பைக் கெடுத்துக்கொண்ட கிறுக்கன் என்று ஊரே இன்றைக்கும் சிரிக்கிறது. அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். கை போனவன் என்று பரிதாபப்படுவதை அவரால் தாங்க முடியாது.

நான் பிறகு மதுரைக்கு வந்துவிட்டேன். இதை ஒரு வாராந்தரிக்கு எழுதலாமா என்று போனில் கேட்டேன். இந்த ஊரில் வாராந்தரி யார் வாசிக்கிறான், எழுதிக்கோ, ஆனால் ஆம்ப்பும் ஒண்ணும் சரியில்லை என்று சேர்த்து எழுது என்றார். ஆகவே சேர்த்து எழுதுகிறேன். உலகத்தில் ஒரு ஆம்ப்பும் சரியில்லை.

வாரத்துக்கு ஒரு டெமோ வீடியோவாவது இன்னமும் அவரிடமிருந்து வருகிறது, 'இது எப்படி?' என்ற கேள்வியோடு. உண்மையைச் சொன்னால் என் காதுக்கு எல்லா ஆம்ப்பும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஆனாலும் மதுரை வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இயர்போனை மாட்டி, வேர்வை வழிய முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் போடுகிறேன்: "இதுவும் வேண்டாம்ணே. இன்னும் தேடுவோம்."