உன் வீட்டு பர்மிட்டை நான் படித்துவிட்டேன்

ஹாகன் கூரை வேலை,
லிண்டன் பால்ஸ், விஸ்கான்சின்.
ஏப்ரல் 22

அன்பு மகள் மார்லிஸுக்கு உன் அப்பா ஆர்வில் ஹாகன் எழுதிக்கொள்வது. என் முழங்காலையும் உன் அம்மாவின் பேச்சையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை கர்ட்டும் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டுச் சமாசாரத்தை நீ சொல்லாவிட்டால் என்ன, அரசாங்கம் வாராவாரம் எனக்குச் சொல்கிறது.

எப்படி என்று கேள். இந்த வசந்தத்தில் தொழில் படுத்தேவிட்டது. பனி கரைந்து மூன்று வாரமாகியும் போன் அடிக்கவில்லை. நம் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஷெல்பிதான் யோசனை சொன்னாள். யார் எந்த ஊரில் என்ன கட்ட பர்மிட் வாங்கினாலும் அது பொதுப் பதிவாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். விலாசம், என்ன கட்டுகிறார்கள், எத்தனை அடி, காண்ட்ராக்டர் யார், எல்லாம் அதிலேயே இருக்கிறது. காண்ட்ராக்டர் என்கிற கட்டம் காலியாக இருந்தால் அங்கே இன்னும் யாரும் அமையவில்லை என்று அர்த்தம். உடனே ஒரு கடிதம் போட வேண்டும், நேரில் போய் நிற்க வேண்டும். ஆகவே திங்கள்கிழமை காலையில் நானும் ஷெல்பியும் சுற்றுப்பட்ட நாலு ஊர்ப் பட்டியலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். முதல் வாரம் கிடைத்தது ஒரு கோழிக்கூடு. அந்த மனுஷன் கோழிக்குத் தன் வீட்டுக் கூரை மாதிரியே வேண்டும் என்றான், போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் ஒரு கராஜ். நான் போவதற்குள் அதே பட்டியலைப் படித்த ஏழு கூரைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். வீட்டுக்கார அம்மாள் எட்டுப் பேருக்கும் காபி கொடுத்து, வேலையைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். காபி நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம், உங்கள் ஊர்ப் பட்டியல், நாலாம் வரி. ஓக்ஹர்ஸ்ட் தெரு 418. தரைத்தளத்தில் கூடுதல் படுக்கையறை, குளியலறையுடன். காண்ட்ராக்டர் கட்டம் காலி. நான்கு தடவை படித்தேன் மார்லிஸ். அது உன் வீடு.

மனசு கேட்கவில்லை. நாற்பது மைல் வண்டியை விட்டுக்கொண்டு உங்கள் ஊர் பர்மிட் ஆபீஸுக்கே வந்து வரைபடத்தைக் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண், "நீங்க யாரு, வீட்டுக்காரருக்கு வேண்டியவரா?" என்றாள். "கூரைக்காரன்" என்றேன். பெற்ற அப்பன் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லியிருந்தால் அப்புறம் ஏன் இங்கே வந்து கேட்கிறாய் என்பாள். படத்தை விரித்தேன். கதவு மூன்றடி அகலம், சக்கர நாற்காலி போகிற அகலம். குளிக்கிற இடத்தில் படி கிடையாது. கழிப்பறையில் கைப்பிடி, அதுவும் இடது பக்கம் மட்டும். எனக்கு எந்த முழங்கால் என்று உனக்குத் தெரியும். நாற்பத்தோரு வருஷம் வரைபடம் படித்தவனுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். போன நவம்பரில் சர்ச் கூரையிலிருந்து நான் விழுந்ததை எல்லோரும் சொல்கிறார்கள், விழுந்தது ஏணியின் மூன்றாம் படியிலிருந்து என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. திரும்பும்போது உன் வீட்டு முன்னால் இரண்டு தடவை போனேன். நிறுத்தவில்லை.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் படத்தின் நகலைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன், துவைக்க எடுத்த உன் அம்மா பார்த்துவிட்டாள். நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, நம்ம பொண்ணு நமக்கு ரூம் கட்டறா." "நமக்கு இல்ல டோலோரஸ், என்னை மூலையில உக்கார வைக்கக் கட்டறா." "உக்காருங்களேன், அறுபத்தெட்டு வயசுல வேற என்ன பண்ணப்போறீங்க?" அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை ஊரே கூடிச் சாப்பிடுகிற மீன் வறுவலுக்குப் போன இடத்தில் ஒரு மேஜை விடாமல் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் எழுந்து, இத்தனை வருஷம் நம் தலைமேல் கூரை போட்ட சகோதரர் ஆர்வில் ஓய்வுபெறுகிறார் என்று எனக்காக ஜெபம் பண்ணுகிறார், நான் மூன்றாவது பெஞ்சில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு க்ளெம் அளவு நாடாவோடு வந்து, மான்கறி போட்டு வைக்கிற நம் பெரிய பிரீசரை அளக்கிறான்.

"என்ன க்ளெம் இது?"

"நீங்க போனதும் இது எனக்குத்தான்னு டோலோரஸ் சொன்னாங்க."

"நான் எங்கயும் போகல."

"சரிசரி, போக வேண்டாம். மூடியை மட்டும் அளந்துக்கறேன்."

இதற்கு நடுவில் ஷெல்பி ஒரு காரியம் செய்தாள். உன் கல்யாணத்துக்கு அப்புறமான பெயர் அவளுக்குத் தெரியாது. காலிக் கட்டத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் போடுகிற கடிதத்தையே உனக்கும் போட்டுவிட்டாள். 'மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளரே, தாங்கள் புதிய அறை கட்டவிருப்பதை அறிந்து மகிழ்ந்தோம், எங்களையும் நினைவில் கொள்க' என்று, கீழே என் கையெழுத்து. கர்ட் ஆபீஸுக்குப் போன் பண்ணினாராம். "பர்மிட்டைப் பாத்துட்டீங்களா? பெரியவர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க ஷெல்பி. நாங்களே நேர்ல வந்து பக்குவமா எடுத்துச் சொல்லணும், இல்லாட்டி மனசு வருத்தப்படுவார்" என்றாராம். ஷெல்பி பக்குவமாக என்னிடம் வந்து அப்படியே சொல்லிவிட்டாள்.

ஆக, இதுதான் என் பதில். நான் வரமாட்டேன். இந்த வீட்டுக் கூரையை மூன்று தடவை என் கையால் மாற்றியிருக்கிறேன், இதற்கு அடியிலேயே இருந்துகொள்கிறேன். எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். உன் எட்டாவது வயசில் ஆணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வருவாய், ஒரு நிமிஷம் என்னைக் காணவில்லை என்றால் ஊரே கேட்கிற மாதிரி கூப்பிடுவாய். அந்தப் பெண் என்னை எங்கே வைப்பது என்று என்னிடமே சொல்லாமல் படம் வரைந்துவிட்டாளே என்று இருக்கிறது.

வரமாட்டேன் என்றாலும் தொழில்காரனாகச் சொல்கிறேன், படத்தில் இருக்கிற கூரைச் சரிவு நம் ஊர்ப் பனிக்குப் போதாது, இன்னும் செங்குத்தாக வை. ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து எதற்கு? தெருவைப் பார்த்து வை, எதிர்வீட்டில் எவன் என்ன கூரை போடுகிறான் என்று பார்க்கலாம். பூட்ஸ் கழற்றி வைக்க ஒரு மூலை வேண்டும். உன் அம்மா தையல் மெஷின் இல்லாமல் வரமாட்டாள், அதற்குச் சுவரில் பிளக் போதாது. கூரையை வேறு எவனுக்காவது கொடுத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போடு. வருகிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. அம்மா முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

உன் அப்பா,
ஆர்வில்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அம்மா பொறுமையில்லாமல் உனக்குப் போன் பண்ணிவிட்டாள். அறை எங்களுக்கு இல்லையாம், இடது இடுப்பில் ஆபரேஷன் ஆன சம்பந்தி அம்மாளுக்காம். அவர்களுக்கு முதலில் செய்கிறோமே என்று நான் வருத்தப்படுவேன் என்றுதான் கர்ட் மறைத்தாராம். எனக்கு என்ன வருத்தம்? நல்ல மனுஷி, நன்றாக இருக்கட்டும், கூரையை நானே வந்து போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் கண்ணு. உன் வரைபடத்தில் கராஜ் பக்கம் பதினெட்டு அடி காலியாக இருக்கிறது. அது யாருக்கு?