முனுசாமி கிணற்றில் நான் விட்ட மீன்கள்

படிக்காதவன் முட்டாள்தனம் செய்தால் தனியாகச் செய்வான். படித்தவன் செய்தால் தெருவே துணைக்கு வந்துவிடும். நான் எம்.எஸ்ஸி. வேதியியல். (இதைச் சொல்லும்போது இப்போதும் குரல் தானாகத் தாழ்கிறது.)

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவுக்குக் குடியிருப்போர் சங்கம் தொடங்கியபோது நான்தான் செயலாளர். பகலில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை. வீட்டுக்கு வீடு காய்ச்சல். கொசுவும் கெட்ட தண்ணீரும்தான் காரணம். மனுப் போட்டது போதும், நாமே தெருவைத் திருத்துவோம் என்று முழங்கினேன். கொசுவுக்கு இயற்கை வழி: கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீன். கிருமிக்கு விஞ்ஞான வழி: துளையிட்ட பானையில் பிளீச்சிங் பவுடரும் மணலும் நிரப்பிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டால் மருந்து மெல்லக் கசியும். இரண்டுக்கும் பலத்த கைதட்டல்.

முனுசாமி மட்டும் தட்டவில்லை. பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். கோடையில் மற்ற கிணறெல்லாம் உப்புக் கரிக்கும். அவருடையது மட்டும் இனிக்கும். தெருவே அங்கேதான் குடம் நிரப்பியது. அவர் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை.

"சாரு, ஒரு டவுட்டு. மீனையும் உட்டு, மருந்தையும் உட்டா, மீனு இன்னா ஆவும்?"

"முனுசாமி, நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்."

"நீ படிச்சது தெரியும் சாரு. மீனு படிச்சிருக்குதா?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில், "முதல் பானையே உங்க கிணத்துலதான்" என்று அறிவித்துவிட்டேன். அவர் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாததா? நாலு பேர் எதிரில் நின்று யோசிக்க வெட்கம், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டோம். எதிர்வீட்டு மாமி கற்பூரம்கூடக் காட்டினார். அடுத்த ஞாயிறு பானையை இறக்கினோம். கிருமி ஒன்றுகூடத் தப்பக் கூடாதென்று மருந்தை இரண்டு பங்காகப் போட்டிருந்தேன். புதன்கிழமை காலை, வாளியில் தண்ணீரோடு மீன்களும் வந்தன. எல்லாம் மல்லாந்து. தெருமுனை வரை நாற்றம்.

"இறைச்சு விட்டா சரியாயிடும்" என்றேன். (அடுத்த யோசனை என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும்.) டீசல் பம்பு வந்தது.

"மெதுவா சாரு. பழைய கட்டு, தாங்காது" என்றார் முனுசாமி.

பம்பு இரைச்சலில் காதில் விழாதவன்போல் நின்றேன். விழத்தான் செய்தது. மதியம் உள்சுவர் ஒரு பக்கமாகச் சரிந்தது. பொழுது சாய்வதற்குள் கிணற்றில் பாதி மண். நடுக்கோடையில், தெருவுக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர் போயிற்று.

அதன்பின் லாரித் தண்ணீர்தான். வரிசையில் முனுசாமியும் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றார். என் மனைவியைப் பார்த்து, "நீ முன்னாடி புடிச்சுக்கம்மா, சாருக்கு ஆபீசுக்கு டைம் ஆவுது" என்றார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை அவர் வாசல் வரை போனேன். மழை வருமா என்று பேசிவிட்டுத் திரும்பினேன். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கிணற்றை மூடி மேலே வீடு கட்டிவிட்டார்கள்.

இன்றும் வீட்டில் நான் எந்த யோசனை சொன்னாலும், அது குக்கருக்கு எத்தனை விசில் என்பதாக இருந்தாலும், என் மனைவி கேட்பாள்: "முனுசாமிகிட்ட கேட்டாச்சா?"

மருமகள் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதலில் நிறுத்துபவனும் நான்தான்.