ஹார்வெல் பல்கலைக்கழகம் வாக்குத் தவறியதில்லை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதோடு களைத்துப்போய் உட்கார்ந்திருந்த வேளையில், அலபாமாவின் ஹார்வெல் பல்கலைக்கழகம் ‘உத்தரவாத உதவித்தொகை’யைக் கண்டுபிடித்தது. மூன்றில் எது பெரிது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் முதல் இரண்டுக்கும் வெண்கலப் பலகை கிடையாது. மூன்றாவதற்கு உண்டு. அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தின் தெற்கு வாசலில், ஆளுயரத்துக்கு:

“இங்கே விளையாட வரும் மாணவனின் உதவித்தொகை, அவன் பட்டம் பெறும் நாள்வரை பறிக்கப்படாது. அடிபட்டாலும் சரி, ஆட்டம் தோற்றாலும் சரி, பயிற்சியாளருக்கு அவன் முகம் பிடிக்காமல் போனாலும் சரி.”

அந்தப் பலகையை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெர்னெல் புரூயிட் தன் மகன் கார்லிஸை ஒப்படைத்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஈரப் போர்வை தூக்குகிறவள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் வாங்கமாட்டாள்.

கார்லிஸ் முன்வரிசைக்காரன். எதிரே வருகிற நூற்றைம்பது கிலோ ஆளை மார்பால் முட்டித் தடுப்பது அவன் வேலை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆடியும் பந்தை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவனுக்கு ஆசையெல்லாம் பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்பது. கட்டுமானப் பொறியியல் ஆய்வுக்கூட வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு. பயிற்சியும் இரண்டு மணிக்கு. ஆகவே பல்கலைக்கழகம் அவன் நலனை உத்தேசித்து, காலையிலேயே முடிந்துவிடும் ‘பொதுப் படிப்பில்’ அவனைச் சேர்த்துவிட்டது. அதில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பேராசிரியர்களே யோசித்துத்தான் சொல்லுவார்கள்.

வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் மாணவர்களிடம் கட்டாயப் பயிற்சி வாங்கக்கூடாது என்று தேசிய விதி இருக்கிறது. ஹார்வெல் அதை வேதம்போல மதித்தது. மீதி இருபத்தைந்து மணி நேரம் ‘விருப்பப் பயிற்சி’. விருப்பப்பட்டு வராதவன் மறுநாள் காலை ஐந்து மணிக்கு மைதானத்துப் படிக்கட்டுகளை விருப்பப்பட்டு நாற்பது தடவை ஏறி இறங்குவான். சிலர் விருப்பப்பட்டு வாந்தியும் எடுத்ததுண்டு.

மூன்றாம் வருஷம், மூன்றாவது ஆட்டத்தில், இரண்டு பேர் ஒன்றாக அவன் இடது முழங்காலின்மேல் விழுந்தார்கள். அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர், இனி நடக்கலாம், முட்டக்கூடாது என்றார். கார்லிஸ் மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் அவனுக்கு ஒன்று உறைத்தது: இனி இரண்டு மணிக்கு அவனை யாரும் தேடப்போவதில்லை. ஊன்றுகோலோடு போய்ப் பொறியியலுக்கு மாறிக்கொண்டு, ஆய்வுக்கூட வகுப்பில் பெயர் கொடுத்தான். கான்கிரீட் உருளையை இயந்திரத்தில் வைத்து, அது வெடிக்கும்வரை அழுத்தி, எத்தனை பாரம் தாங்கியது என்று எழுதவேண்டும். ஒரு பொருளின்மேல் எவ்வளவு ஏற்றலாம் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பது அவனுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. ஹார்வெலில் அவன் மாணவன் ஆனது அன்றைக்குத்தான்.

இங்கேதான் பயிற்சியாளர் லீலண்ட் டக்கெட்டின் தர்மசங்கடம் தொடங்கியது. அணிக்கு இத்தனை உதவித்தொகைதான் என்று வரம்பு உண்டு. அத்தனையும் நிரம்பியிருந்தது. பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் ஆறரை அடி உயரத்தில், இரண்டு முழங்காலும் முழுசாக, ஒரு பையன் காத்திருந்தான். டக்கெட் கார்லிஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தோளில் கை போட்டார்.

“கார்லிஸ், கண்ணா, நாம எல்லாம் ஒரே குடும்பம்.”

“ஆமாங்க கோச்.”

“குடும்பத்துல ஒருத்தன் கஷ்டப்பட்டா இன்னொருத்தனுக்குத் தாங்குமா? நீ வீட்டுக்குப் போ. அம்மா கையால சாப்பிடு. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

“என்ன எழுதியிருக்குங்க?”

“உதவித்தொகை வேண்டாம்னு நீயா மனசு வந்து சொல்ற மாதிரி.”

“எனக்கு மனசு வரலையே கோச்.”

“வரும். யோசி.”

“வகுப்புல சேர்ந்ததிலேர்ந்து மூணு வாரமா யோசிச்சிட்டேன். கான்கிரீட் பரீட்சையில தொண்ணூத்தொண்ணு வாங்கியிருக்கேன்.”

டக்கெட் தோளிலிருந்து கையை எடுத்தார். “டேய், உன்னை எதுக்குடா கூட்டிட்டு வந்தேன்? கான்கிரீட் உடைக்கவா?”

அடுத்த வாரம் ‘மாணவ வீரர் கண்ணியம் மற்றும் உத்தரவாதக் குழு’விலிருந்து அழைப்பு வந்தது. குற்றச்சாட்டு: அடிபட்டவனும் மைதான ஓரத்தில் வந்து நிற்கவேண்டும் என்பது மரபு; கார்லிஸ் பத்தொன்பது நாள் வரவில்லை; இது அணிக் கடமை தவறியது; கடமை தவறியவனுக்கு உத்தரவாதம் செல்லாது. குழுத் தலைவி டாக்டர் மார்ஜரி ஃபென்விக் கருணையே உருவானவர். யாரையும் அனுப்புவதற்கு முன் தண்ணீர் கொடுக்காமல் இருந்ததில்லை.

“தண்ணி குடிப்பா. பத்தொன்பது நாள் நீ பயிற்சிக்கு வரலை. ஒத்துக்கறியா?”

“வரலைங்க மேடம்.”

“ஏன்?”

“இரண்டு மணிக்கு நடக்கறது விருப்பப் பயிற்சின்னு நோட்டீஸ் பலகையில ஒட்டியிருக்கு. எனக்கு விருப்பமில்லை.”

டக்கெட் எழுந்தார். “எல்லாரும் விருப்பப்பட்டுத்தானே வர்றாங்க! வராதவன் பேரு ஒண்ணுவிடாம எழுதி வெச்சிருக்கேனே!”

“லீலண்ட், உட்காருங்க,” என்றார் பல்கலைக்கழக வக்கீல்.

“பாதிப் பேருக்குப் படிக்கட்டு ஏறியே கால் வீங்கியிருக்கு, அவ்வளவு விருப்பம்!”

“லீலண்ட். உட்காருங்க.”

கார்லிஸ் ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்தான். “அது கட்டாயம்தான்னா கட்டாயம்னு எழுதிக்குங்க மேடம். நான் தப்பு செஞ்சவன்தான். ஆனா வாரத்துக்கு நாற்பத்தஞ்சு மணி நேரம் கட்டாயப் பயிற்சி வாங்கறோம்னும் சேர்த்து எழுதிக்குங்க. தேசிய விதிக்காரங்க கேட்டா நானும் அதையே சொல்லிடறேன்.”

குழுவினர் ஏழு பேரும் தண்ணீர் குடித்தார்கள். பிறகு ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: பயிற்சி விருப்பத்துக்குரியதே, கார்லிஸ் புரூயிட் தன் விருப்பமின்மையை முறைப்படி நிறைவேற்றியிருக்கிறான், அவன் உதவித்தொகையை இவ்வுலகில் எவரும் தொடமுடியாது.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்தான்.

“ஜெயிச்சிட்டேம்மா! பட்டம் வாங்கற வரைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது.”

“கைகுலுக்கினாங்களா?”

“ஏழு பேரும்.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“அப்ப ஜாக்கிரதையா இருடா,” என்றாள் வெர்னெல்.

பன்னிரண்டு நாள் கழித்து ஃபென்விக் அம்மையார் கையொப்பத்துடன் ஒரு கடிதம் வந்தது. “மனமார்ந்த வாழ்த்துகள்! தாங்கள் பட்டம் பெற்றுவிட்டீர்கள்.”

கார்லிஸ் ஊன்றுகோல் வழுக்க வழுக்க அவர் அறைக்கு ஓடினான்.

“மேடம், எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் படிப்பு பாக்கி இருக்கு!”

“அது உன் அடக்கம்ப்பா. நாங்க கூட்டிப் பார்த்தோம். வெளியூர் ஆட்டத்துக்காகப் பதினொரு மாநிலம் போயிருக்கே, அது புவியியல். இடைவேளையில கோச் பேசறதைக் கேட்டிருக்கே, அது மேடைப்பேச்சு.”

“அவர் திட்டுவாருங்க.”

“உணர்ச்சிமிக்க மேடைப்பேச்சு. அறுவைச் சிகிச்சைக்கு உயிரியல்ல மூணு கிரெடிட் போட்டிருக்கோம்.”

“நான் மயக்கத்துல இருந்தேன் மேடம்!”

“அதனாலதான் மூணு. முழிச்சிருந்தா நாலு போட்டிருப்போம்.”

“நான் பொறியியல் படிக்கிறேன். என் லேப்...”

“பட்டம் வாங்கினவங்க இளநிலை வகுப்புல உட்கார விதி இல்லையேப்பா. பொதுப் படிப்புல பட்டம் குடுத்தாச்சு. உன் இடத்தைக் காத்திருப்புப் பட்டியல்ல இருந்த பெண்ணுக்குக் குடுத்துட்டோம். தண்ணி குடிக்கிறியா?”

உத்தரவாதம் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றப்பட்டது. அவன் பட்டம் பெறும் நாள்வரை ஒருவரும் அவன் உதவித்தொகையைத் தொடவில்லை. அந்த நாளை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்கள்.

இத்தகைய சாதனையை மூடி வைப்பது பாவம் என்று பல்கலைக்கழகம் கருதியது. புதுப் பையன்கள் பெற்றோருடன் வளாகத்தைப் பார்க்க வரும் சனிக்கிழமையாகப் பார்த்து, உள்ளரங்கத்தில் கார்லிஸ் ஒருவனுக்காகவே பட்டமளிப்பு விழா நடந்தது. வறுத்த கோழியும் இனிப்புத் தேநீரும் பரிமாறப்பட்டன. அவன் அளவுக்கு அங்கி கிடைக்காமல் பாடகர் குழுவிடமிருந்து ஒன்று வாங்கி மாட்டினார்கள். முதல் வரிசையில் ஜார்ஜியாவின் ஆறரை அடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மீன் ஆலைச் சீருடையோடு அவன் தாய்; இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வண்டி ஓட்டி வந்திருந்தாள்.

டக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாருங்க! காலொடிஞ்ச பையன்! வேற இடமா இருந்தா தெருவுல விட்டிருப்பாங்க. நாங்க பட்டதாரி ஆக்கியிருக்கோம், அதுவும் ஒன்றரை வருஷம் முன்னாடியே! கார்லிஸ், உன் தம்பிகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுடா.”

மைக் கைக்கு வந்தது. கார்லிஸ் சுருட்டிய சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“பேச எனக்கு வராது. லீவுல எங்க மாமாவோட கோழிப்பண்ணையில வேலை பார்த்திருக்கேன், அதைச் சொல்றேன். கோழி வளர்ந்து முடிஞ்சிருச்சான்னு யாரும் கோழியைக் கேக்கறதில்லைங்க. கம்பெனி லாரி என்னைக்கு வருதோ, அன்னைக்கு அது வளர்ந்து முடிஞ்சது. அதுவரைக்கும் தீனி உத்தரவாதம். ஒரு நாள் குறைச்சதில்லை.”

டக்கெட்தான் முதலில் கை தட்டினார். குழுவினர் ஏழு பேரும் தட்டினார்கள். விவசாயப் பின்னணியிலிருந்து வந்த பையன் எவ்வளவு எளிமையாகப் பேசுகிறான் என்று ஃபென்விக் அம்மையார் வக்கீலிடம் வியந்தார். பிறகு மைக்கை வாங்கி, பெற்றோர் யாருக்காவது உத்தரவாதம் பற்றிச் சந்தேகம் இருக்கிறதா என்று அன்போடு கேட்டார்.

முதல் வரிசையில் மீன் ஆலைச் சீருடை எழுந்து நின்றது.

“ஒண்ணே ஒண்ணுதாங்க மேடம். என் பையனுக்கு லாரி என்னைக்கு வரும்?”