குனிந்தால் ஆபத்து

இனி இந்த ஜென்மத்தில் மாடிப்படி துடைப்பதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் வெண்டலின் ஹேபர்லே முடிவெடுத்தார். ராய்ட்லிங்கன் என்ற அந்த ஜெர்மன் ஊரில் இதைவிடப் பெரிய புரட்சி கிடையாது. அங்கே அடுக்கு வீடுகளில் பொதுப்படியைத் துடைப்பது வாரம் ஒரு வீட்டின் முறை. முறை வந்த வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். அட்டை தொங்கினால் ஆள் குனிய வேண்டும். சமையல், ஜன்னல், வரிக்கணக்கு, கார் எல்லாம் மனைவி ஹெட்விக்கின் பொறுப்பு; இந்தப் படி மட்டும் அவருடையது. அதுவே அவருக்கு அநியாயமாகப் பட்டது. மூன்றரைக்கு டிவியில் கால்பந்து மேட்ச். அதற்கு முன் சாசேஜ், பீர். இந்தச் சுகத்துக்கு நடுவில் ஒரு வாளியா?

ஆயுதம் கைபேசியில் இருந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஹெட்விக்குக்குச் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தார்.

"'குனிதல்: பலரும் அறியாத ஆபத்து. நிபுணர்கள் எச்சரிக்கை.' கேட்டியா? எச்சரிக்கறாங்க."

"யாரை?"

"என்னைத்தான். 'வீட்டுவேலையில் அடிக்கடி குனிவது முதுகெலும்பைப் பாதிக்கக்கூடும் என்று ஓர் ஆய்வு சுட்டுகிறது.'"

இந்த ஆரோக்கியத் தளங்களின் லட்சணம் தெரிந்ததுதான். தலைப்பில் உலகம் கவிழும். ஆறாம் பத்தியில் போய்ப் பார்த்தால் கவிழ்ந்தது எலி. வெண்டலின் ஆறாம் பத்திவரை போகவில்லை. எல்லாரும் போய்விட்டால் எழுதுகிறவர்களுக்குப் பிழைப்பு ஏது?

ஹெட்விக் கைபேசியை வாங்கி அடிவரை படித்தார். "சரிதான். உன் முதுகு முக்கியம். படியை நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமா என்று வெண்டலினுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மதியம் தட்டில் வேகவைத்த காலிஃபிளவர் வந்தது.

"சாசேஜ் எங்கே?"

"உன் கட்டுரைக்குக் கீழேயே இருந்துச்சே, 'இதையும் படியுங்கள்'னு. 'சாசேஜ்: முதுகெலும்பின் மௌன எதிரி.'"

"பீராவது குடு."

"அதுக்கும் கீழே. 'பீர் குடித்தால் உங்கள் முதுகுக்கு நடப்பது இதுதான்.' நடக்கறது நல்லதா இல்லை."

"சரி, மேட்ச் பாக்கறேன்."

"நின்னுட்டே பாரு. 'உட்காருதல்: மருத்துவர்கள் அதிர்ச்சி.' நிக்கறதைப் பத்தியும் ஒண்ணு இருக்கு. இன்னும் படிக்கலை."

வெண்டலின் கைபேசியைப் பிடுங்கினார். வாழ்நாளில் முதன்முறையாக ஆறாம் பத்திக்குப் போனார்.

"ஹெட்டி, இதெல்லாம் எலி. பன்னிரண்டு எலிக்கு சாசேஜ் போட்டிருக்கான். நிபுணர்கள்ங்கறது ஒரே ஆளு, அவனும் மெத்தை விக்கறான். இதை நம்பி மனுஷன் பட்டினி கிடப்பானா?"

"ஒரு கட்டுரை அப்படி இருக்கலாம்."

"எல்லாமே அப்படித்தான். எழுதினவன் பேரைப் பாரு, எல்லாத்துலயும் ஒரே பேரு."

"குனியறதைப் பத்தி எழுதினதும் அவனா?"

வெண்டலின் கைபேசியை மேஜைமேல் வைத்தார். ஹெட்விக் அடுப்பில் வாணலியை ஏற்றி, அதில் இரண்டு சாசேஜை வைத்தார். வாளி கதவோரம் இருந்தது. தண்ணீரில் இன்னும் ஆவி பறந்தது.

வெண்டலின் இரண்டாம் படியில் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கையில், மேல்வீட்டு நேகலே அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஹேபர்லே, உங்க வீட்டுப் பேச்செல்லாம் மேலே கேட்டுச்சு. ஹெட்விக்கை அந்தக் கட்டுரைகளை எனக்கும் அனுப்பச் சொல்லுங்க. அடுத்த வாரம் அட்டை எங்க வீட்டுக்கு வருது. எங்க வீட்டுக்காரர் இப்பவே முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார்."