மனக்கண்ணரின் சிவப்பு டோக்கன்

மனித மனத்தை மிச்சம் மீதியில்லாமல் அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மனக்கண்ணர். இன்னொருவர், அவரைக் கண்டுபிடித்த என் தாய்மாமா.

மனக்கண்ணர் டயர் கடை மாடியில் எழுந்தருளியிருந்தார். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொள்வார். வந்தவர் வாயே திறக்கக் கூடாது. குறையை அவரே சொல்லிவிடுவார். கூட்டம் மாடிப்படியில் வழிந்து, கீழே டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தது. அறைக்கதவை மட்டும் சாத்த மாட்டார். அற்புதம் நாலு பேர் காதில் விழ வேண்டாமா?

என் அக்கா கிரேன் ஓட்டுபவள். போன மாதம் அவள் தூக்கிய இரும்புக்கட்டு அந்தரத்தில் சரிந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏணியில் கை வைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. இரண்டு வாரத்தில் மேலே ஏறாவிட்டால் வேலை போய்விடும். கம்பெனி டாக்டர் பக்கத்துத் தெரு உளவியலாளருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

"அங்கல்லாம் பைத்தியந்தான் போகும்," என்றார் மாமா. "போனா அந்தம்மா நூறு கேள்வி கேக்கும். தெரிஞ்சவங்க எதுக்குக் கேக்கணும்? நம்மாளு கேக்கறதே இல்ல."

நியாயம்தான். மெக்கானிக்கும் எதையும் கேட்காமலே வண்டியைக் கழற்றினால் எவ்வளவு நேரம் மிச்சம்.

மனக்கண்ணரின் வாசல் மேசையில் ஒரு பெண், "என்ன விஷயமா வந்தீங்க? சும்மா பதிவுக்குத்தான்," என்று கேட்டு டோக்கன் கொடுத்தாள். அக்காவுக்கு நீலம். துணைக்கு வந்த மாமாவும் வியாபாரம் பெருக ஒரு மஞ்சள் வாங்கிக்கொண்டார்.

அக்கா எல்லார் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டேய், எங்க வேலையில தூக்குற பெல்ட்டோட நிறத்தை வச்சே எத்தனை டன் தாங்கும்னு சொல்லிருவோம். இங்க பரீட்சை எழுதற பசங்க கையில எல்லாம் பச்சை. பாத்தியா?"

"அவருக்குத்தான் கண்ணைக் கட்டியிருக்கே."

"நீயும் கட்டிப் பாரு. மூக்கோரச் சந்துல உன் மடி தெரியும்."

பக்கத்தில் குழந்தை வேண்டி வந்த பெண்ணிடம் சிவப்பு டோக்கன். அக்கா அவள் காதில் ஏதோ சொன்னாள், அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய சிவப்பை வாங்கி அக்கா மாமாவிடம் நீட்டினாள்.

"மாமா, உங்களதைக் குடுத்துட்டு இதை வச்சுக்கங்க. இது முன்னாடி நம்பர்."

முன்னாடி என்றால் மாமா விடுவாரா? மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போனார். மனக்கண்ணர் டோக்கனை வாங்கி நெற்றியில் ஒற்றினார், மடியில் வைத்தார், தலை குனிந்து தியானித்தார்.

"கலங்காதே தாயே. மூணு மாசத்துல உன் வயித்துல ஒரு உயிர் அசையும். உன் மாமியார் வாயை நான் அடைக்கிறேன்."

மாமா இருமினார். கட்டைக் குரல் இருமல். மனக்கண்ணர் துணியை லேசாகத் தூக்கினார். எதிரே மீசை.

"ஆண் குழந்தை," என்றார்.

மாடிப்படி சிரித்தது; பிறகு டயர்கள் சிரித்தன. மேசைப் பெண் டோக்கன் பெட்டியோடு முதலில் இறங்கிப் போனாள். குரு அவள் பின்னால், கண்கட்டை அவிழ்த்துவிட்டு, படிகளை நன்றாகப் பார்த்து இறங்கினார்.

மறுநாள் உளவியலாளர் அக்காவிடம், "உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்," என்றார். கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு திட்டம்: முதல் நாள் ஏணியில் நாலு படி, பயம் இறங்கும்வரை அங்கேயே நிற்பது. அடுத்த நாள் எட்டு. மந்திரம் ஏதுமில்லை, வீட்டுப்பாடம்தான். பன்னிரண்டாம் நாள் அக்கா கேபினிலிருந்து கையசைத்தாள்.

கேட்காமலே தெரியும் என்பவனிடம் நாமாவது ஒரு கேள்வி கேட்கலாம்: எப்படித் தெரியும்? அதற்கு டோக்கன் தேவையில்லை.

கடைசிச் சந்திப்புக்கு அக்காவோடு நானும் போனேன். காத்திருக்கும் அறையின் மூலையில், முகக்கவசத்துக்கு இரண்டு பக்கமும் மாமாவின் மீசை எட்டிப் பார்த்தது. மடியில் கேள்விப் படிவம்.

"இன்னொரு தாள் கிடைக்குமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.